மூன்றாவது ரியாக்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆயர் ஈத்தாமில் குடியிருக்கும் கோகுலனுக்கு இது போன மார்ச்சில், பட்டப்பகலில் நடந்தது.

கடல் தாண்டி ஜுருவில் ஒரு தொழிற்சாலை. மூன்று சர்வோ மோட்டார்களால் ஓடும் இயந்திரக் கை. மோட்டாருக்குப் போகும் கேபிள் மிக நீளம். அது கக்கும் மின் இரைச்சல் பக்கத்து சிக்னலைக் குழப்பினால் கை தானாகத் துள்ளும். அந்த இரைச்சலை அடக்கத்தான், கேபிள் நீளமும் மோட்டார் இழுக்கும் கரண்டும் பார்த்து, மோட்டாருக்கு ஒன்றாக மூன்று அவுட்புட் ரியாக்டர்களை, அதாவது இரைச்சலை வடிகட்டும் கம்பிச்சுருள்களை, கோகுலன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். மாட்டியவன் டேரில். ஒன்பது வருடக் கூட்டாளி. தினமும் ஒரே ஃபெரியில் வேலைக்குப் போகிறவர்கள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கை துள்ளி அடித்தது. அதை இயக்கிய அதிரா அங்கேயே இறந்துபோனாள். இருபத்து நான்கு வயது.

“நீ எடுத்த சைஸ் தப்புன்னு எல்லாரும் பேசிக்கிறாங்கடா,” என்றான் டேரில்.

கோகுலனுக்குத் தூக்கம் போனது. ஞாயிறு பிற்பகல் 2.50க்கு மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனான். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினான். சாவி அவன் பாக்கெட்டில்.

3.08. ம்ம்ம்ம்...

மூன்றாவது மோட்டார் முனகியது. மீட்டரை வைத்துப் பார்த்தான். பூஜ்யம். மின்சாரமே இல்லை.

மோட்டாரைத் தொட்டான். இரண்டு நாளாக ஓடாத மோட்டார்... சூடாக இருந்தது.

டக்.

மூன்றாவது ரியாக்டரின் மூடி கீழே விழுந்து கிடந்தது. உள்ளே ரியாக்டர் இல்லை. கம்பியை நேராக இணைத்து, மேலே வெறும் மூடியை மாட்டியிருந்தார்கள்.

பேனல் கதவில் சோதனைத் தாள். ‘மூன்றும் சரி.’ அடியில் கோகுலனின் கையெழுத்து. அவன் போடாதது. கடைசியில் இழுத்த சுழி... டேரிலுடையது.

இவனா?

3.17. பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பவில்லை.

ஓடினான்.

திங்கள் காலை கோகுலன் வாயைத் திறப்பதற்கு முன்பே, டேரில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தான். மூன்றாவது ரியாக்டர் வந்து சேரவில்லை, மெஷினை ஓட்ட அவசரம், கோகுலனின் கையெழுத்தைப் போட்டதும் தானே என்று.

வெளியே வந்த டேரில் கோகுலனின் சட்டையைப் பிடித்தான்.

“என்னை நேரா திட்டியிருக்கலாம்லா. ஏன்டா அவள பேச வெச்ச?”

“யார?”

“நேத்து மூணு பதினேழு. உன் நம்பர்ல இருந்து கால். ‘அண்ணே, என் பேர்லயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க’ன்னு... அதிராடா. அதிரா குரல்.”

கோகுலன் ஞாயிறன்று யாரையும் கூப்பிடவில்லை. போனை எடுத்து, நேற்று அதிலிருந்து போன அழைப்புகளைப் பார்த்தான்.

டேரில். 3.17. பதினோரு நிமிடம்.