பத்து மணிக்கு வந்த ஓட்டோ

போன வருடத் தவக்காலத்தில் நடந்தது இது. நாங்கள் பேசாலையில் இருக்கிறோம். எனக்கு ஐஸ் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் காலை பத்து மணிபோல, மறந்துபோன கண்ணாடியை எடுக்க வீட்டுக்குப் போனேன். முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில், வீட்டில் மனைவி மட்டும்தான். தட்டித் தட்டிக் கை நொந்த பிறகு திறந்தாள். மூச்சு வாங்கியது, என் முகத்தைப் பார்க்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்றாள். தலைமயிர் காய்ந்திருந்தது.

அன்று தொடங்கியது சந்தேகம். அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாலும் சந்தேகம், பகலில் பல் விளக்கினாலும் சந்தேகம். பக்கத்து வீட்டு அக்கா வேறு, "உங்கட வீட்டுக்குப் பத்து மணிக்கு ஒரு ஓட்டோ வருது, ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டார். மூன்று கிழமை அவளிடம் ஒன்றும் கேட்காமல் வேவு பார்த்தேன்.

பிறகு ஒருநாள் லீவு போட்டுவிட்டு மதிலோரம் ஒளிந்து நின்றேன். ஓட்டோ வந்தது. ஓட்டி வந்தவர் இறங்கவே இல்லை. ஒரு பையை அவளிடம் நீட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். பைக்குள் என்ன ரகசியமோ என்று அடுப்படிப் பக்கம் போய்க் குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிலத்தில் இருந்தாள். மடியில் அந்தப் பை, அதற்குள் பேக்கரிப் பணிஸ், ரோல்ஸ், கேக். அழுதுகொண்டே மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். தவக்காலமென்று எங்கள் முன்னால் ஒருநேரக் கஞ்சி மட்டும் குடித்தவள்.

"பசியில்லை. நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு," என்றாள்.

அதையும் நான் நம்பவில்லை. எதையோ மறைக்கிறாள் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி அவளே கேட்டபோதும், அங்கே என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்றுதான் கூடப் போனேன். மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களோ என்று வேறு பயம்.

அவள் சொன்னதையெல்லாம் டொக்டர் பொறுமையாகக் கேட்டார். "இது சாப்பாட்டு ஆசையில்லை, ஒரு வருத்தம், நோய். பட்டினி கிடந்தா இன்னும் கூடும். நேரத்துக்குச் சாப்பிடோணும், மனம்விட்டுக் கதைக்கோணும். சுகப்படுத்தலாம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இவவின் சாப்பாட்டைப் பற்றி வீட்டில் என்ன கதைப்பீர்கள் என்று கேட்டார்.

என் தங்கையின் கலியாண வீட்டில், அத்தனை பேர் முன்னால், "இவவுக்கு இனிப் போடாதேங்கோ, இருக்கிற கதிரை தாங்காது" என்று நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. அதை டொக்டரிடம் மறைத்தேன். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போதும் கிளினிக்குக்குப் போய்வருகிறோம். மூன்று நேரமும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறோம். சில நாள் சாப்பாடு அவளை மீறிப் போய்விடும். அன்றைக்கு அவளே எனக்குப் போன் எடுத்துச் சொல்வாள். வேவு பார்த்த அந்த மூன்று கிழமையில் ஒருநாளாவது, "உனக்கு என்ன செய்யுது?" என்று அவளைக் கேட்டிருக்கலாமே என்பது மட்டும் இன்றுவரை என் மனதைக் குடைந்துகொண்டிருக்கிறது.