தோளில் தட்டிய கை

சுங்கை லாலாங்கில் நானும் குமரனும் ஒரே அணியில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டினோம். கடைசிப் பந்தயத்தின்போது இருவருக்கும் சமப் புள்ளிகள். முந்துபவனுக்கே அந்த ஆண்டின் கோப்பை.

புறப்படுமுன் ஒருவர் மோட்டாரை மற்றவர் சோதித்து, சரியென்றால் தோளில் தட்டுவது எங்கள் வழக்கம். அவனுடைய இன்ஜினுக்கடியில் எண்ணெய் கசிவதைப் பார்த்தேன். பாதியில் நின்றுபோகும், வேறென்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு தட்டினேன்.

“ஓகேலா அண்ணே?”

“ஓகே தம்பி, போ.”

மூன்றாவது சுற்றில், வளைவில் சறுக்கி விழுந்தான். கோப்பை எனக்கு வந்தது. அவனுக்கு வலது கால் போனது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டான்: “எண்ணெய் ஒழுகிடுச்சாமே அண்ணே. பின்னால வந்தீங்களே, நீங்க வழுக்கி விழலையே?”

“இல்ல தம்பி” என்றேன்.

எப்படி விழுவேன்? முதல் வளைவிலிருந்தே அவன் போன தடத்தை விட்டு விலகித்தானே ஓட்டினேன்.