ஆடி கழியட்டும் என்று சொன்னேன்

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத் தேதி மறந்துபோகும். இங்கிலாந்தில் இருந்த ஒரு சின்ன கார் கம்பெனியின் கதை மட்டும் மறக்காது. காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அனுப்புவார்கள். வாங்கியவரே வீட்டில் ஒன்றுசேர்த்துப் பூட்டி ஓட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு நண்பர்கள் கோழிக் கொட்டகையில் ஆரம்பித்தது, முறைத்துக்கொண்டு பிரிந்தது, கடைசியில் அங்கே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒற்றை ஆளாக நடத்தியது எல்லாம், சோறு போடும்போது கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

அந்தப் பெரியவரிடம் இவரும் ஒரு காருக்குப் பணம் கட்டினார். துறைமுகத்திலிருந்து முதலில் வந்தது சிவப்பு ஃபைபர் பாடி. வாசல் ஷெட்டில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். அடுத்து வரவேண்டியது அடிச்சட்டம். அதன்மேல்தான் எஞ்சினும் சக்கரமும் உட்காரும்.

ஆனி கடைசியில் பெரியவரிடமிருந்து ஈமெயில் வந்தது. உடம்பு முடியவில்லை, கொட்டகையைக் காலி செய்கிறேன், இரண்டு வாரத்துக்குள் சரி என்றால் உங்கள் சட்டத்தைச் செய்துவிட்டு மூடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

"நாளைக்கு ஆடி பொறக்கு. புது வண்டி விஷயம், ஆவணி வரட்டும்" என்றேன்.

"ஏளா, அவங்க ஊர்ல ஏது ஆடி?" என்று சிரித்தார்.

"வண்டி ஓடப்போறது இங்கனதான?"

பேச்சில் விட்டுக்கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஒரு மாதம் பொறுங்கள் என்றாவது இவர் பெரியவருக்கு எழுதியிருக்கலாம். ஆடி முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றதும் நான்தான்.

ஆவணி ஒன்றாம் தேதி குளித்து, திருநீறு பூசி, எழுதினார். பெரியவரின் மகளிடமிருந்து பதில் வந்தது. அப்பா மூன்று வாரம் பார்த்தார், சட்டம் செய்கிற அச்சைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம், இப்போது அவர் பேசுகிற நிலையில் இல்லை.

உள்ளூர் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "செஞ்சிரலாம் அண்ணாச்சி. ஆனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ரோட்டுல ஓட விடமாட்டான், கம்பெனி பேப்பர் கேப்பான்" என்றார்.

உப்புக் காற்று ஃபைபரை ஒன்றும் செய்வதில்லை. துருப்பிடித்தாலாவது தூக்கிப் போடலாம். அவர் தினமும் காலையில் துடைக்கிறார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வேறு என்ன செய்ய? ஒருநாளாவது என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

போன வாரம் வந்த விருந்தாளியிடம் கோழிக் கொட்டகையிலிருந்து தொடங்கினார்.

"பெறவு ஏன் மீதி வரல?" என்று அவர் கேட்டார்.

"அந்தாளுக்கு முடியல, மூடிட்டாங்க" என்றவர், கதவருகில் நின்ற என்னைப் பார்க்காமலே, "ஏளா, காப்பி போடு" என்றார்.