அப்பா துரைக்குச் செய்த வில்

ரொட்டியைக் கடித்தால் பல்லில் மரத்தூள் நறநறத்தது. எனக்குப் பதினொரு வயதான அந்த மழைக்காலம் முழுவதும், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கென்று இருந்த ஒரே அறையில், அரிசிச் சட்டியிலும் தேத்தண்ணிக் கோப்பையிலும் தம்பியின் இமை மயிரிலும் செங்கல் நிறத் தூள் ஒன்று படிந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கு அதனால் இருமல் வந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் தடித்து அரித்தது. சொறிந்துகொண்டே பள்ளிக்கூடம் போவேன். அந்தத் தூளை உதிர்த்த வில்லை அன்றே வெறுத்தேன்; இன்றைக்கும் வெறுப்பு குறையவில்லை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் சொன்னால் ‘இஸ்டோரில்’, தச்சு வேலை செய்தவர். லயத்தார் அவரை ‘ஆசாரி’ என்பார்கள், துரைமார் சிங்கள வழக்கில் ‘பாஸ்’ என்பார்கள். தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்திருந்த பெரிய துரைக்கு வேட்டையில் பித்து. தோட்டத்து எல்லைக்கு மேலே இருக்கும் காட்டில் மரையும் பன்றியும் உண்டு. ஆனால் துப்பாக்கி வெடித்தால் காட்டிலாகாவுக்குக் கேட்டுவிடும். ஆகவே சத்தம் போடாத ஆயுதம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. எந்த நாட்டிலிருந்தோ தருவித்த மூன்று வகைப் பலகைகளைச் சீலையில் சுற்றி, ஒரு படத்தாளோடு அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். ஒன்று செங்கல் நிறம், ஒன்று மஞ்சள், மற்றொன்று கத்தரிப்பூ நிறம். அவற்றின் பெயர் எங்களில் எவருக்கும் தெரியாது.

இஸ்டோரில் செய்தால் பிறர் கண்ணில் படும் என்று வீட்டிலேயே வேலை நடந்தது. பலகைகளை ஓலை போல மெல்லிதாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று பசை தடவி அடுக்கி, சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுகச் சுற்றிக் காயவைத்து, பிறகு உடைந்த கண்ணாடித் துண்டால் நாட்கணக்கில் சுரண்டுவார். கூரை மரத்தில் வில்லைத் தொங்கவிட்டு, அதன் நாணில் கட்டிய கயிற்றை நானும் தம்பியும் பிடித்து இழுக்க, எதிர்ச் சுவரோரம் குந்தியிருந்து வில்லின் இரு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். “விடாத புள்ள, விடாத” என்று கத்துவார். ஒருநாள் கை வழுக்கிக் கயிற்றை விட்டேன். எழுந்து வந்து அறைந்தார். அதற்கு முன்பு அவர் என்னை அடித்ததே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த வில் சுவரில் இரண்டு ஆணிகளின்மேல் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்? கைப்பிடியில் மஞ்சளும் ஊதாவும் நீரோட்டம் போல நெளிந்தன. அதன் கீழே நாங்கள் குனிந்து நடந்தோம்.

அம்புகளையும் அப்பாவே செய்தார். மரம் அறுக்கும் பழைய வாளின் தகட்டை அராவி முனை வைத்தார். இறகுக்கு, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த அம்மாவின் தங்கை, எங்கள் செல்வமணிச் சித்தியிடம் போய் நின்றார். சித்தி வளர்த்த செஞ்சேவலின் வாலில் நல்ல இறகுகள் இருந்தன. “மச்சானுக்கு இல்லாததா?” என்று சிரித்தபடி சேவலைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டு, சித்திதான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தார்.

வில் துரையின் பங்களாவுக்குப் போய் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சித்தியும் வேறு இரண்டு பெண்களும் எல்லைக்காட்டோரம் மானாப்புல் மேட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்து சுள்ளியைக் கட்டிய சித்தியின் வலது கெண்டைக்காலில் அம்பு ஒன்று பாய்ந்து மறுபக்கம் வந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றுதான் கூட இருந்த பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மேட்டின் மேலிருந்து துரை எட்டிப் பார்த்ததையும், பார்த்தவுடன் திரும்பி நடந்ததையும் மூவருமே கண்டார்கள். சித்தியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தபோது நான் லயத்து வாசலில் நின்றேன். அம்பின் வால் மட்டும் கம்பளிக்கு வெளியே தெரிந்தது. அதிலிருந்த சிவப்பு இறகை எனக்குத் தெரியும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதை அறுத்து எடுத்தார்கள். அன்று மாலையே கண்டாக்கு ஐயா வந்தார். மலையில் வேலை வாங்குகிற மேலதிகாரி. “வேலிக் கம்பி குத்திருச்சின்னு சொல்லிட்டுப் போம்மா. வீணா ஏன் பிரச்சின?” என்றார்.

கட்டிலில் கிடந்த சித்தி, “கம்பிக்கு எறகு மொளைக்குமாய்யா?” என்று கேட்டார். கண்டாக்கு அம்பைக் கேட்டார். சித்தி கொடுக்கவில்லை, தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமலே பேசினார். “அண்ணே, பொலிசுக்குச் சொல்லியிருக்கோம். புதன்கிழம விசாரிக்க வாறாங்க. இது தொரைக்குச் செஞ்ச அம்புதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும்.”

அப்பா உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “நான் எதையும் பாக்கலப்பா. செஞ்சு குடுத்ததோட என் வேல முடிஞ்சிச்சு. இஸ்டோரு வேலயும் போச்சின்னா புள்ளைங்கள எங்க கொண்டு போறது?”

“அவ கால எங்க கொண்டு போறதுண்ணே?”

அப்பா உளியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்டினார். சித்தப்பா வாசலில் துப்பிவிட்டுப் போனார். அம்மா அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோற்றைப் போட்டுத் தள்ளிவைப்பாரே தவிர, பேசவில்லை. தண்ணீர்ப் பீலியில் பெண்கள் என்னைப் பார்த்ததும் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் சித்தியின் மகள், என் வயதுதான், என் பக்கத்திலிருந்து எழுந்து வேறு வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை காலை, ஆட்களைக் கணக்கெடுக்கும் ‘பெரட்டுக் களத்தில்’ தோட்டமே கூடிவிட்டது. அலுவலகத்து வாசலில் பொலிஸ் சார்ஜன்ட், துரை, கண்டாக்கு. மேசைமேல் வில்லும் மிச்ச அம்புகளும். சித்தியை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள், மடியில் அம்பு. அப்பா கூட்டத்தின் பின்வரிசையில், கைகட்டி, தரையைப் பார்த்தபடி நின்றார். நான் அவர் பக்கத்தில் நிற்காமல் அம்மாவிடம் போய் நின்றேன்.

அம்பைக் கண்ட பிறகு துரையால் மறுக்க முடியவில்லை. சிங்களத்தில் அவர் சொன்னதைக் கண்டாக்கு ஐயா தமிழில் சொன்னார்: “தொரை பண்டியப் பாத்துத்தான் விட்டாராம். வில்லு கோணலாம். அம்பு வளைஞ்சி போயிருச்சாம். ஆசாரி செஞ்ச பிழையாம்.”

அப்பாவின் தலை நிமிர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். யாரும் கூப்பிடவில்லை. “எது கோணல்?” என்றார். அவர் துரையின் முகத்துக்கு நேரே பேசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “எது கோணலுங்க? குடுங்க இங்க.”

சார்ஜன்ட் வேடிக்கை பார்க்கும் முகத்தோடு தலையசைத்தார். அப்பா வில்லை எடுத்தார். நாற்பது அடிக்கு அப்பால் களத்தின் ஓரத்தில் நின்ற மரக்கம்பத்தைக் குறி வைத்து மூன்று அம்பு விட்டார். மூன்றும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் தைத்து நின்றன. வில்லை மேசையில் வைத்துவிட்டு, “இது நான் செஞ்சது. அம்பும் நான் செஞ்சது. பாத்த எடத்துக்குத்தான் போவும்” என்றார்.

களம் முழுவதும் விசில் பறந்தது. சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். வில்லைச் சாட்சிப் பொருளென்று ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். மாதம் முடியுமுன் துரைக்கு வேறு தோட்டம் கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவை இஸ்டோரிலிருந்து நீக்கி, மலையில் கானு என்னும் வடிகால் வெட்டப் போட்டார்கள். அதனால் அவர் பெயர் இன்னும் பெரிதாயிற்று. துரையை எதிர்த்து நின்ற ஆசாரி.

அன்று மத்தியானம் அப்பா சித்தி வீட்டு வாசலுக்குப் போனார். அங்கே நன்றியை எதிர்பார்த்தாரோ என்னவோ. பின்னாலேயே போன எனக்குச் சித்தி சொன்னது தெளிவாகக் கேட்டது.

“காலு ஓட்டையானப்ப வராத வாயி, வில்லக் கொற சொன்னதும் வந்திருச்சே மச்சான்.”

அப்பா திரும்பி நடந்தார். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

இப்போது அந்த பங்களா சுற்றுலாக்காரர் தங்கும் விடுதி. மானாப்புல் மேட்டில் லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கிறார்கள். எங்கள் லயம் மண்சரிவில் பாதி போய், மீதியில் மாடு கட்டுகிறார்கள். நான் ஹட்டனில் ஆசிரியை. கடைசி இரண்டு வருடம் அப்பா என்னோடுதான் இருந்தார். “அந்த வில்லு பொலிசிலேயே கெடக்குமா? ஈரத்துல பச விட்டிருக்குமே” என்று மாதத்துக்கொரு தடவையாவது கேட்பார். சித்தியின் காலைப் பற்றி ஒரு தடவையாவது கேட்பாரா என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை. அவருக்கு மருந்து கொடுத்தேன், குளிப்பாட்டினேன், மன்னிக்கவில்லை.

சென்ற வருடம் அவர் இறந்தபோது தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஒரு பெரியவர், பெரட்டுக் களத்துக் கதையை இளவட்டங்களுக்குக் கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் அம்பு தைத்தது, இரண்டாவது தைத்தது. அம்மாவின் அருகே இருந்த சித்தி சுவரைப் பிடித்து எழுந்தார். வலது காலை இழுத்து இழுத்து, அந்தக் கூட்டத்தின் நடுவாகவே நடந்து வாசலுக்குப் போனார். அவர் கடந்து போகையில் பெரியவரின் வீசிய கை மடிக்கு இறங்கியது. பிறகும் மூன்றாவது அம்பைப் பெரியவர் சொல்லவில்லை.