புதுச்சாமை வெந்த நாள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டில் என் வீடும் என் பள்ளியும் ஒன்றையொன்று நம்பவில்லை. இரண்டுக்கும் இடையே தினமும் நடந்து போய்வந்தவள் நான் என்பதால், இரண்டு பக்கத்துக் கேள்விகளும் என்னிடமே கேட்கப்பட்டன.

மாலையில் பையை இறக்கி வைப்பதற்குள் அப்பா தொடங்கிவிடுவார்.

"இன்னைக்கு என்ன பாட்டுச் சொல்லிக் குடுத்தாங்க? முட்டி போடச் சொன்னாங்களா? தண்ணி கிண்ணி தெளிச்சாங்களா?"

காலையில் தலைமையாசிரியரான சிஸ்டர், கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில், தற்செயலாகக் கேட்பதுபோலக் கேட்பார்.

"வீட்டுல பள்ளிக்கூடத்தப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?"

இரண்டு இடத்திலும் நான் சுருக்கமாகவே பதில் சொன்னேன். கேட்பவர் எதைக் கேட்க விரும்புகிறார், எதைக் கேட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறார் என்பதைக் கேள்வியின் தொனியிலேயே பிரித்தறியப் பழகியிருந்தேன். இன்று கல்லூரியில் ஒரு வரியை அவசரப்பட்டு நம்பாமல் வாசிக்கக் கற்றுத் தருகிறார்கள். அந்தப் பாடம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

கொல்லிமலையில் எங்கள் ஊருக்குச் சற்று மேலே, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருந்த ஓட்டுக் கட்டடம் அந்தப் பள்ளி. கத்தோலிக்கக் கன்னியர் நடத்தியது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மிகச் சிலரே. மற்றவர்கள் எல்லோரும் எங்களைப் போல மலை உழவர் வீட்டுப் பிள்ளைகள். வாரத்தில் ஒரு பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்ற சமயப் பாடத்துக்கு அடுத்த அறைக்குப் போவார்கள். நாங்கள் நன்னெறி படிப்போம். இடையில் இருந்தது பலகைத் தடுப்பு மட்டுமே. அந்தப் பக்கத்துச் செபங்கள் இந்தப் பக்கம் எங்களுக்கும் மனப்பாடமாயின. பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறிய எவரும் செபத்தில் தடுமாறியதில்லை. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி நான் அதை முணுமுணுத்ததைக் கேட்ட அம்மா, வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

அப்பாவின் சந்தேகத்துக்கு ஒரு கதை ஆதாரமாக இருந்தது. மலையின் இன்னொரு பகுதியான பைல் நாட்டுப் பக்கம் ஒரு பெண்ணைக் கன்னியர் விடுதியில் சேர்த்தார்களாம். விடுமுறைக்கு வந்தபோது அவள் பெயரே வேறாக இருந்ததாம். அந்தப் பெண்ணை நேரில் பார்த்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் அந்தக் கதை எங்கள் வீட்டில் ஓர் உறவினரைப் போல வந்து தங்கியிருந்தது. காரணம், எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பிறகு கன்னியரே சமவெளியில் நடத்திய உயர்நிலைப் பள்ளியில், விடுதியோடு சேர்த்து, எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண்ணுக்கு இடம் உண்டு. அந்த ஆண்டு அது எனக்கு என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மலையிலும் ஒரு பள்ளி இருந்தது. இரண்டு மேடு ஏறி இறங்கி அங்கே போன எங்கள் ஊர்ப் பெண்கள், முதல் மழைக்காலத்தோடு மிளகு பறிக்கவும் மரவள்ளிக்குக் களை வெட்டவும் போய்விட்டார்கள். விடுதிப் பள்ளியில் ஓர் அறை முழுக்கப் புத்தகங்கள் இருப்பதாகச் சிஸ்டர் ஒருமுறை சொன்னார். அங்கே போக வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு விருப்பமே இல்லை. அதை நான் எவரிடமும் சொல்லவில்லை. அப்பா சம்மதம் தரவில்லை, மறுக்கவும் இல்லை.

சிஸ்டர் அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் எங்கள் மலைக்கு வந்திருந்தார். தெற்கே கடலோர ஊர்க்காரர். எங்கள் குளிர் அவருக்குப் பிடிபடவில்லை. ஆடி மாதமே அங்கிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். எங்களை 'மக்களே' என்று அழைப்பார். மலைப் பிள்ளைகளுக்கு மலைச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லி, பள்ளியின் பின்புறத் தோட்டத்தில் சாமை விதைத்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நாங்கள் அதில் களை எடுத்தோம்.

இதுவும் சந்தேகத்துக்கு இடமாயிற்று. "நம்ம புள்ளைங்கள வெச்சு வெள்ளாமை பண்றாங்களா?" என்றார் அப்பா. ஒருநாள் வேலியோரம் வந்து நின்று வெகுநேரம் பயிரைப் பார்த்துவிட்டுப் போனார்.

"உங்கப்பா எதுக்கு வந்து நின்னார்? என்ன பாத்தார்?" என்று மறுநாள் சிஸ்டர் கேட்டார்.

"தெரியலீங்க சிஸ்டர்" என்றேன்.

எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "கடலோரத்துக்காரம்மா சாமைய நெல்லாட்ட நெருக்கி வெதைச்சிருக்குது. அதுவும் போனாப் போகுதுன்னு வெளைஞ்சு நிக்குது பாரு."

மார்கழியில் அறுவடை ஆயிற்று. கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு முந்தைய கடைசி நாளில் அந்தச் சாமையை வெல்லமும் தேங்காயும் போட்டுச் சமைத்தார்கள். பாத்திரத்தை முதலில் சிற்றாலயத்துக்கு எடுத்துப் போய்ப் பீடத்தின் முன் வைத்துச் செபித்தார்கள். பிறகு நாங்கள் வரிசையாக அமர்ந்திருந்த தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிஸ்டரின் முகம் மலர்ந்திருந்தது.

"மக்களே, இது நம்ம தோட்டத்து முதல் விளைச்சல். புதுச் சாமை! முதல்ல ஆண்டவருக்கு வெச்சாச்சு. இப்ப உங்களுக்கு."

தட்டுகளில் பரிமாறினார்கள். எவரும் கை வைக்கவில்லை, எங்களைப் பார்த்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளும்.

எங்கள் ஊர்களில் புதிதாக விளைந்த சாமையைத் தை மாதம் ஊர் கூடி ஊர்ச் சாமிக்குப் படைப்பார்கள். அதுவரை அந்தத் தானியத்தை எவரும் வாயில் வைப்பதில்லை. வீட்டில் பழைய சாமை தீர்ந்துவிட்டால் ரேஷன் அரிசி, மரவள்ளிக்கிழங்கு என்று நாள் தள்ளுவார்கள். இதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொன்னதில்லை. நெருப்பில் கை வைப்பதில்லை என்பதைப் போல, இதுவும் சொல்லப்படாமலே எங்களிடம் இருந்தது. அதனால்தான் அந்தத் தாழ்வாரத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, சிஸ்டருக்கு இது தெரியாமல் இருக்கக்கூடும் என்று.

"தெரிஞ்சேதான் வெக்கறாங்கடி" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள், உதடு அசையாமல்.

"சும்மா இரு."

"இதைத் தின்னா வவுத்துல புழு வெக்குமாமா."

"உனக்கு முன்னாடியே இருக்குது. நீ பயப்படாதே" என்றாள் அவளுக்கு அடுத்தவள்.

யாரோ சிரிப்பை அடக்கியது சிஸ்டரின் காதில் விழுந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சூடா இருக்கா? இல்ல, பிடிக்கலையா?" வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். "யார் சொல்லிவிட்டது? ஆசீர்வதிச்சத சாப்பிடக் கூடாதுன்னு வீட்டுல சொன்னாங்களா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"அப்ப சாப்பிடுங்க."

எல்லோரும் தட்டைப் பார்த்தோம். அவர் என் முன்னால் வந்து நின்றார். "லீடர் நீதான? நீ சொல்லு."

"பசிக்கலீங்க சிஸ்டர்" என்றேன்.

அடுத்தவளும் பசிக்கவில்லை என்றாள். அந்தச் சொல் வரிசை முழுக்க ஓடி முடிந்தது. முன்கூட்டிப் பேசி வைத்த சதியைப் போலவே அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். என் மனத்தில் ஓடியது வேறு. எங்களில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்று சிஸ்டர் சோதிக்கிறார், சாப்பிடுபவளுக்குத்தான் விடுதியில் இடம் என்று நான் நினைத்தேன். வெல்லத்தின் மணம் முகத்தில் அடித்தது. ஒரு வாய் என்பது எவ்வளவு சிறியது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு உங்கப்பாவ வரச்சொல்லு. ஆறாம் வகுப்பு விஷயமும் பேசணும்" என்றார் சிஸ்டர். அந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்பா வந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், சன்னல் திறந்திருந்தது.

"ஏனுங்க, கூப்டீங்களாமா?"

"உக்காருங்க."

"பரவால்லீங்க, நிக்கறேன்."

"நிக்க வெச்சுப் பேசினாங்கன்னு நாளைக்கு ஊர்ல சொல்லுவாங்க. உக்காருங்க."

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரு பிள்ளையும் சாப்பிடல. நாங்க செபம் பண்ணினத தொடக் கூடாதுன்னு யார் சொல்லிக் குடுத்தது?"

"நீங்க தெனமுந்தான் செபம் பண்ணிச் சோறு போடறீங்க. தெனமுந்தான் திங்கறாங்க. நேத்து என்ன சோறுங்க போட்டீங்க?"

"சாமை. தோட்டத்துச் சாமை."

"புதுசு."

"ஆமா, புதுசு. பிள்ளைகளே களை எடுத்தது."

"ஊர்ச் சாமிக்கு இன்னும் வெக்கலீங்களே. தையிலதான வெப்போம். அதுக்குள்ள கொழந்தைங்க வாயில வெக்கலாமுங்களா?"



"இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"இதைப் போயி ஆருங்க சொல்லுவாங்க? மூக்குல மூச்சு வுடுன்னு ஆராச்சும் சொல்லித் தருவாங்களா? ஜூன் மாசத்துலிருந்து இங்கதான இருக்கறீங்க. தெரிஞ்சுதான் பண்ணுனாங்கன்னு ஊரே பேசுது."

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்படீங்களா" என்றார் அப்பா. நம்பாதபோது அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சிஸ்டரும் விடவில்லை. "நீங்க சொல்றது மட்டும் இப்ப யோசிச்ச சாக்கு இல்லன்னு நான் எப்படி நம்புறது?"

அப்பா சிரித்தார். "அப்ப தையில நேர்ல வந்து பாருங்க. நீங்களும் புதுச் சாமை திங்கலாம். எங்க சாமி முன்னாடி, எங்க கையால. அதுவரைக்கும் எம்புள்ள விசயம் அப்படியே நிக்கட்டுமுங்க."

"பேர் அனுப்ப நாள் கம்மியா இருக்கு."

"இருக்கட்டுமுங்க."

சமைத்த சாமையைக் கன்னியரே சாப்பிட்டார்கள். சாமி பார்ப்பதற்கு முன் புதுச் சாமையைத் தின்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவருக்குச் சளி பிடித்தபோது சிலர் திருப்தியோடு தலையாட்டினார்கள். மார்கழியில் எங்கள் மலையில் யாருக்குத்தான் சளி பிடிக்காது?

தை மாதப் படையலுக்குச் சிஸ்டர் தனியாக வந்தார். எவரும் சொல்வதற்கு முன்பே வரப்பருகில் செருப்பைக் கழற்றிவிட்டார். "பாரு, யாரையோ கேட்டுக்கிட்டு வந்திருக்குது" என்றார் ஒரு பெண். கூட்டத்துக்கு வெளியே, மேளச் சத்தம் காதை அடைக்கும் இடத்தில் நின்று, கைகளைக் கோத்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். பூசாரி படைத்து முடித்ததும் இலைத் துண்டுகளில் சாமைப் பொங்கல் எல்லோருக்கும் வந்தது. ஓர் இலை சிஸ்டரின் கைக்கும் போயிற்று.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சாப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும், சற்று முன்புதான் காதில் விழுந்திருந்தது: "புள்ள புடிக்கறதுக்கு எதை வேணாலும் திங்கும்." சாப்பிடாவிட்டால் சொல்லப்போவதும் தெரியும். அவர் எதைச் செய்தாலும் அதற்கான பொருளை ஊர் தயாராக வைத்திருந்தது. என் ஆறாம் வகுப்பும் அந்த இலையில்தான் இருந்தது. சாப்பிட்டுவிடுங்கள் என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

சிஸ்டர் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மரியாதைக்கு வாங்கிக்கிட்டேன். ஆனா இது உங்க சாமிக்குப் படைச்சது. என் விசுவாசத்துக்கு நான் இதச் சாப்பிட முடியாதுங்க. பசிக்கலன்னு சொல்லலாம். அது பொய்."

"அப்பறம் எதுக்கு வந்தீங்களாமா?" என்றது ஒரு குரல்.

"கூப்பிட்டாங்க, வந்தேன். எப்படி நம்புறதுன்னு நாந்தான் கேட்டேன். இப்ப நம்புறேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அப்பா நடந்து போய் அந்த இலையை அவர் கையிலிருந்து வாங்கினார். நின்றபடியே முழுவதையும் தின்று முடித்துவிட்டு, இலையை மடித்தார். "வாங்க, ரோடு வரைக்கும் வந்து வுடறேன்" என்றார். நான் பின்னால் போனேன்.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று கடந்து போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, இருவரும் மறுபடி நடந்தார்கள்.

"தின்னுருந்தீங்கன்னா புள்ளைய அனுப்பியிருக்க மாட்டேனுங்க" என்றார் அப்பா.

"ஏன்?"

"அங்க வந்து இவ எல்லாத்துக்கும் தலையாட்டிருவாளோன்னுதான் பயம். சொல்லிக் குடுக்கறவங்களே ஆட்ட மாட்டாங்கன்னா..." அவர் முடிக்கவில்லை. "ஆனா சொல்லாம கொள்ளாம வந்து பாப்பேனுங்க."

"வாங்க." சிஸ்டர் சற்றுத் தயங்கினார். "நானும் உங்ககிட்ட சொல்லாமத்தான் செஞ்சேன். நீங்க பள்ளிக்கூடத்துல வந்து பேசின அன்னைக்குச் சாயங்காலமே இவ பேர அனுப்பிட்டேன்."

அப்பா நின்றுவிட்டார். முதலில் என்னைப் பார்த்தார், எனக்குத் தெரியுமா என்று. எனக்குத் தெரியாது.

"நான் வேண்டாம்னிருந்தா?"

"பேர அடிக்கச் சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்களா?"

சிஸ்டர் யோசித்தார். "தெரியல" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் அந்த ஒரு சொல்லைப் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். என்மேல் இருந்த அக்கறையா, அப்பாவின் சொல்லை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணாததா, என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. அப்பாவும் அன்று தீர்மானித்ததாகத் தெரியவில்லை.  பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, ஆஸ்டல் பொட்டிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கோணும். அடிவாரத்துக்கு, காரவள்ளி போறப்ப பாய் கடையில பாக்கலாம். ரெண்டு சாவி இருக்கோணும். ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்."

சிஸ்டர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டு சாவி இருக்கறது நல்லதுதான்" என்றார்.