பீப்பாயின் அடியில் கிடந்த யூரியா

யூரியாவைக் கொட்டினால் தண்ணீர் இன்னும் சில்லிட்டுப் போகும். கரையும்போது அது தண்ணீரிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. யூரியா கரையம், தண்ணீர் கரைப்பான், இரண்டும் சேர்ந்தால் கரைசல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பனியில் பீப்பாய்க்குள் கை விட்டால்தான் அது உறைக்கும்.

அன்று தேயிலைக்கு அடிக்க எவ்வளவு கலக்கியும் அடியில் மணல்போல நெறுநெறுத்தது. கடைசித் தண்ணீரோடு அதுவும் சேர்ந்து போனால் கரைசல் கடுமையாகிக் கொழுந்து கருகும். நாங்கள் அடிக்கும் அந்த மலையில்தான் என் மனைவி அடுத்துப் பறிக்க வேண்டும். கொழுந்து குறைந்தால் அவளுக்கு அரைப்பேர். பாதிச் சம்பளம்தான்.

பக்டரியிலிருந்து வெந்நீர் எடுத்துவரவா என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் கேட்டேன்.

"யூரியாவுக்குத் தேத்தண்ணி போடப் போறியா? மேல தெளிவாத்தானே இருக்கு, கொண்டுபோய் அடி" என்றார்.

மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம். என்னைவிட அதிகம் படித்தவர். தெரியாமல் சொல்லவில்லை. பக்கத்தில் என்னோடு மருந்தடிக்கிறவன், ஐயா சீனியைக் கலக்காமல்தான் குடிப்பார் போல என்று முணுமுணுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்தேன். மறுத்தால் எனக்கும் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை.

அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் காலையில் ஆள் கூடும் பெரட்டுக்கு முன்பே மலைக்கு ஓடி இலையைப் புரட்டிப் பார்த்தேன். வீட்டில் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

"இலைய மொறச்சா நல்லாயிருமா? உக்காருங்க" என்றாள் மனைவி.

கடைசி நிரைகளில் இலையோரம் கருகியது. அந்த நிரைகளே அவளுக்கு விழுந்தன. அரைப்பேர் போட்டார்கள். மருந்தடித்த எனக்குக் கலக்கத் தெரியவில்லை என்று கண்டாக்கு பெரட்டில் சொன்னார். நான் வெந்நீர் கேட்டதை எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரைப்பேர் அரைப்பேராகவே இருந்தது.

அடுத்த முறை யூரியா அடிக்கும் காலையில் மனைவி நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வெந்நீர்க் கேத்தலோடு வந்தாள். பின்னால் அந்த மலையில் பறிக்கும் பெண்கள், ஆளுக்கொரு கேத்தல். யாரையும் கேட்காமல் வெந்நீரை வாளியில் ஊற்றினார்கள். யூரியாவை முதலில் அதில் கரைத்து, பிறகு பீப்பாயில் விட்டோம். அடியைத் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மனைவி நம்பவில்லை. தானும் கையை விட்டாள்.

நேரமாகிறது என்று கண்டாக்கு அதட்டினார்.

"ஆகட்டுங்க" என்றாள் கையை எடுக்காமலே. "நான்தானே பறிக்கணும்."