இடப்பக்கம் தாழ்ந்த கார்

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சுவதற்கில்லை. 1964ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12, புதன்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. திருகோணமலை உட்துறைமுக வீதியில் கராஜ் வைத்திருந்த சூசைப்பிள்ளை, சாகும்வரை அந்த நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

கார் இராஜநாயகத்தினுடையது. துறைமுகத்தில் பெரிய உத்தியோகம், ஓர்ஸ் ஹில்லில் வீடு. தளத்தை விட்டுப் போன வெள்ளைக்காரக் கடற்படைத் துரை ஒருவரிடம் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கைகள். இறுகிய ஸ்பிரிங், அகன்ற டயர். எந்த வளைவிலும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்பும். ஆனால் வீதியில் கிடக்கும் சின்னக் கல்கூட முதுகெலும்பில் வந்து இடிக்கும். அவருடைய மனைவி சீலாவுக்கு அப்போது ஆறாம் மாதம். குழிக்குக் குழி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவது எரிச்சலாக இருக்கிறது, ஸ்பிரிங்கை இளக்கித் தாரும் என்று காரைக் கொண்டுவந்து விட்டார். டயர்களும் தேய்ந்து போயிருந்தன. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். அந்த அளவு டயர் கொழும்பிலும் இல்லை. கிடைத்தவை ஒரு சின்னக் குடும்பக் காரின் ஒடுங்கிய டயர்கள்தான்.

சூசைப்பிள்ளை முன்கூட்டியே எச்சரித்தார். ஓட்டம் மெத்தென்று இருக்கும், ஆனால் வளைவில் கார் வெளிப்பக்கமாகச் சரியும். ஒடுங்கிய டயர் நிலத்தை அவ்வளவு பிடிக்காது, பின்பக்கம் சீக்கிரமே வழுக்கும். ஆகவே திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கவேண்டும் என்றார். இராஜநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாயை மூடினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்து ஜாக்கை இறக்கியபோதுதான் சூசைப்பிள்ளை கவனித்தார். கார் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்து நின்றது. ஸ்பிரிங்குகளை இடம் வலமாக மாற்றிப் போட்டார். அதே ஒன்றரை அங்குலம். அதே இடப்பக்கம். எரிச்சலோடு ஓர் அந்தர் சீமெந்து மூட்டையைத் தூக்கிச் சாரதி இருக்கையில் வைத்தார்.

கார் மட்டமாக நின்றது.

ஓர் அந்தர் என்றால் நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல். மெலிந்த ஓர் ஆளின் பாரம்.

இத்தனை வருடமும் இறுகிய ஸ்பிரிங் காட்டிக்கொடுக்காத பாரம்...

அந்த நினைப்பை உதறிவிட்டு, மூட்டையை இறக்கி, தானே ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார். மூன்று இருபதுக்கு ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இருந்தார். கண் கூசும் வெயில். வீதியில் ஒரு நாய்கூட இல்லை. முதல் வளைவு வலப்பக்கம். கார் இடப்பக்கம் சரிந்தது. டயர் கீச்சிட்டது. பின்பக்கம் ஒரு சாண் வழுக்கிப் பிறகு பிடித்துக்கொண்டது. எல்லாம் அவர் சொன்னபடியேதான்.

அடுத்தது இடப்பக்க வளைவு. கார் வலப்பக்கம் சரியவேண்டும்.

சரியவில்லை.

இடப்பக்கம் இன்னும் தாழ்ந்தது. பக்கத்தில் இருப்பவர் வளைவுக்குள் சாய்ந்து கொடுப்பதுபோல...

திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. இருக்கையின் தோல் மட்டும் நடுவில் குழிந்திருந்தது.

பிறேக்கை மிதித்தார். கார் மூக்கைக் குத்தி நின்றது. எஞ்சின் அணைந்தது.

ஒரு மூச்சுச் சத்தம். அவருடையதல்ல.

கீச்... இருக்கையின் கம்பிச் சுருள்.

குழி அவர் பக்கமாக நகர்ந்தது.

கராஜுக்கு ஒரு மைல். முதலாம் கியரிலேயே ஓட்டினார். இடது தோள் முழுக்க ஈரத்துணி சுற்றியதுபோல் குளிர்ந்து கிடந்தது. வழி நெடுக அவர் இடப்பக்கம் பார்க்கவில்லை.

நாலு மணி ஐந்துக்கு இராஜநாயகம் சீலாவுடன் வந்து காத்திருந்தார். சூசைப்பிள்ளை அவரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். இராஜநாயகம் சத்தமாகச் சிரித்தார். உமக்கு வெயில் பிடித்துவிட்டது என்றார். பிறகு போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

“ஏறு.”

சீலா ஏறவில்லை. கராஜ்காரரின் முகத்தைப் பார்த்தாள்.

“சூசையண்ணை, ஏதும் பிழையோ?”

ஓம், பிழைதான் என்றால், அந்தக் கார் இன்றிரவு தன் கராஜில் நிற்கும். சூசைப்பிள்ளைக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

“ஒண்டுமில்லைத் தங்கச்சி. இருங்கோ.”

அவள் ஏறி இருந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி ஏறியும் கார் ஒரு நூலளவுகூட இறங்கவில்லை. சீலா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

“குளிருது,” என்றாள்.

கார் போய்விட்டது.

மறுநாள் இராஜநாயகம் தனியாக வந்து காரை நிறுத்திக் காட்டினார். சூசைப்பிள்ளை அடிமட்டம் வைத்து அளந்தார். இருபக்கமும் சரிமட்டம். இப்போது என்ன சொல்லுகிறீர் என்று இராஜநாயகம் நக்கலடித்துவிட்டுப் போனார். அன்று மாலை சூசைப்பிள்ளை மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். கார் அதன்பின் ஒருநாளும் தாழவில்லை.

நவம்பர் கடைசி. அடைமழை. காலை ஏழு பத்துக்கு இராஜநாயகம் நனைந்தபடி நடந்தே வந்தார். பல நாள் சவரம் செய்யாத முகம். கையில், சுருள் விரிந்து வெறுங்கம்பியாகிப்போன ஒரு ஸ்பிரிங்.

“இதைவிட இறுக்கமா ஒண்டு வேணும்.”

காருக்கா என்று சூசைப்பிள்ளை கேட்டார்.

“ஏணைத் தொட்டிலுக்கு. இது மூண்டாவது. பிள்ளையைக் கிடத்தினா நிலத்திலை முட்டுது.”

சூசைப்பிள்ளை அந்தக் கம்பியை வாங்கிப் பார்த்தார்.

“ஆசுப்பத்திரியிலை பிறந்த நிறை ஆறு இறாத்தல் எண்டுதான் எழுதினவை...”

சீலா எப்படி இருக்கிறாள் என்று சூசைப்பிள்ளை மெல்லக் கேட்டார்.

இராஜநாயகம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“முந்தநாள் மடியிலை வைச்சுப் பால் குடுத்தவள். அவளுக்குத் தொடையெலும்பு முறிஞ்சு போச்சு.”

பிள்ளை பிறந்து அன்று ஒன்பது நாள்.